சின்ன ஸ்ட்ரோக் ஒன்று வந்து போனால், பெரிய ஸ்ட்ரோக்கிலிருந்து மூளை தன்னைக் காத்துக்கொள்ளுமாமே, உண்மையா?

பொழுது போகாமல் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் யாருக்கோ வாய் கோணி, கை மரத்து, கொஞ்ச நேரத்தில் சரியாகியிருக்கிறது. அப்படியானால் படிப்பதை நிறுத்திவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அடுத்து வரும் சில நாட்கள்தான் ரொம்ப ஆபத்தானவை.

நான் டாக்டர் இல்லை. விலங்கியல் படித்துவிட்டு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவள். "உனக்கென்ன தெரியும்" என்று கிளம்புகிறவர்கள் இந்த வரியோடு திரும்பிவிடலாம்.

நீங்கள் கேள்வியாகக் கேட்பதை எங்கள் சித்தப்பா தீர்ப்பாகவே சொல்லிவிட்டார். ஒரு சாயங்காலம் அப்பா கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது, பேச்சு குழறியது. அம்மா தரையைத் துடைத்து முடிப்பதற்குள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. "பித்தமா இருக்கும்ண்ணா, செத்த படுங்க" என்றார் சித்தப்பா. நான் கேட்காமல் ஆட்டோ பிடித்தேன். ஸ்கேன் எடுத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். அப்படியும் அந்த மழைக்காலத்திலேயே நிஜமான ஸ்ட்ரோக் வந்தது. பிழைத்துக்கொண்டார், நடக்கிறார். இடது கைதான் சட்டைப் பட்டனோடு மல்லுக்கட்டும். சித்தப்பாவோ ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, "முன்னாடி வந்தது தடுப்பூசி மாதிரி, அதனாலதான் அண்ணன் தப்பிச்சாரு" என்று கல்யாண வீடு தவறாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதில் துளி உண்மை இருப்பதுதான் எனக்கு எரிச்சல். 1990இல் ஜப்பானில் கிடகாவா குழுவினர் ஜெர்பில் என்கிற எலியினத்தில் பார்த்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தத்தை 5 நிமிடம் நிறுத்தினால், ஞாபகத்துக்கான ஹிப்போகாம்பஸ் பகுதியில் சிஏ1 என்ற செல்கள் சில நாளில் செத்துப்போகும். முன்பே ஒரு தடவை 2 நிமிடம் நிறுத்தித் திறந்துவிட்டிருந்தால் அவற்றில் ஒரு பகுதி தப்பித்தன; ஒரு நாள் இடைவெளியில் இரண்டு தடவை அப்படிச் செய்து, இரண்டு நாள் கழித்து 5 நிமிடம் நிறுத்தினால் ஏறக்குறைய எல்லாமே தப்பித்தன. பக்கத்திலேயே இருக்கும் சிஏ3 செல்களுக்கு அந்த முன்பயிற்சிகூட வேண்டாம், இயல்பிலேயே தாக்குப்பிடிக்கும். காரணத்தை 2013இல் ஆக்ஸ்ஃபோர்டில் அலஸ்டேர் பக்கன் குழு எலிகளில் கண்டுபிடித்தது: ஹமார்ட்டின் என்ற புரதம். பழுதான தன் பாகங்களைத் தானே செரித்துச் சமாளிக்க அது செல்லுக்கு உதவுகிறது. அதைக் குறைத்தபோது சிஏ3 செல்களும் பலவீனமாயின. எனக்கு உண்மையிலேயே பிரமிப்பாக இருந்த ஆராய்ச்சி இது.

ஆனால் எலிக்கு 2 நிமிடம் என்று கணக்குப் பார்த்து நிறுத்துகிறார்கள். அப்பாவின் ரத்தக்கட்டிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. மினி ஸ்ட்ரோக் முன்னால் வந்தவர்களுக்குப் பின்னால் பாதிப்பு குறைவு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, வேறு சில இல்லை என்கின்றன. கையில் பிபி பட்டையை இறுக்கித் தளர்த்தி, அந்தத் தற்காப்பை வெளியிலிருந்தே தூண்டவும் முயன்றார்கள். 2022இல் வெளிவந்த சீன ஆய்வில், ஸ்ட்ரோக் வந்த ஏறக்குறைய 1,800 நோயாளிகளில், இதைச் செய்தவர்களில் 67.4 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள், செய்யாதவர்களில் 62. அடுத்த வருடமே டென்மார்க் ஆய்வில் பலன் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு வீட்டில் பட்டையைக் கட்டி யாரும் பரிசோதிக்க வேண்டாம்.

ஒன்றைச் சொல்லாமல் போனால் எனக்கு ஆறாது. முதல் தடவை ஒரு நாள்கூட முழுதாகப் படுக்கவில்லை என்று இன்சூரன்ஸ்காரர்கள் பணம் தரவில்லை. இரண்டாவது தடவை, "ஏற்கனவே இருந்த நோய்" என்றார்கள். ஒரே ஆளுக்கு முதலில் நோயே இல்லை, பிறகு பழைய நோய்!

விரல் நுனியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தால் போதும் என்று கமென்ட் போடப் போகிறவர்களுக்கு: அது வாட்ஸப் வைத்தியம், ஒரு கட்டியும் கரையாது. கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதில் அரை மணியை உங்கள் குண்டூசி தின்றுவிடும்.