தாத்தாவுக்கு மருந்தை மாற்றிய மூன்றாம் நாள்

அம்மா, மகளை அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க நேற்று நீங்கள் மூவரும் வந்திருந்தபோது பெரும்பாலும் நீங்கள்தான் பேசினீர்கள். உங்கள் கணவர் நடுநடுவே தலையாட்டினார். மகள் ஒரு மணி நேரத்தில் மொத்தமே நாலு வாக்கியம்தான் பேசினாள். கிளம்பும்போது "எல்லாம் நல்லபடியா அமையும், கவலைப்படாதீங்க" என்று நான் சொல்லி அனுப்பினேன். ராத்திரி யோசித்துப் பார்த்தபோது அது சரியில்லை என்று பட்டது. ஆறுதல் சொல்ல உங்களுக்கு உறவினர்கள் இருக்கிறார்கள், என்னிடம் நீங்கள் வந்தது அதற்காக இல்லையே. அதனால்தான் எழுதுகிறேன்.

மகளை மூன்றாவது முறையாக மருத்துவ நுழைவுத் தேர்வு எழுத வைக்காதீர்கள். வெளிநாட்டில் சீட் வாங்கித் தருகிறேன் என்று உங்கள் அண்ணன் கொண்டுவந்திருக்கும் யோசனைக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாம் என்று உங்கள் கணவர் மெதுவாகச் சொன்னபோது நீங்கள் குனிந்து தரையைப் பார்த்தீர்கள், நான் கவனித்தேன். கட்டணத்தை மட்டும் கூட்டிப் பார்த்து "சமாளிச்சிடலாம்" என்று சொல்கிறார்கள். ஒரு நாட்டில் படித்துவிட்டு இன்னொரு நாட்டில் மருத்துவம் பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் தனியாக உரிமத் தேர்வு எழுதித் தேற வேண்டும், அதற்கு எத்தனை வருடம் ஆகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, அப்புறம் மேற்படிப்பு வேறு, அத்தனை வருடமும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் கணவருக்கு ஓய்வு பெற ஆறு வருடம்தான் இருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. இருக்கும் ஒரே வீட்டை அடகு வைத்து, பிள்ளைக்கே பிடிப்பில்லாத ஒரு படிப்பில் சேர்க்கக் கூடாது.

பிடிப்பில்லை என்று நானாகச் சொல்லவில்லை. "நோயாளிகிட்ட பேசணும், ஊசி போடணும், அதுல உனக்கு ஆசை இருக்கா?" என்று நான் கேட்டதற்கு அவள் பதிலே சொல்லவில்லை. பேசிய நாலு வாக்கியமும் வேறு விஷயம். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? "தாத்தா ஆஸ்பத்திரியில இருந்தப்போ மூணாம் நாள் மருந்தை மாத்தினாங்க. கல்ச்சர் ரிப்போர்ட் வந்துடுச்சுன்னு சொன்னாங்க. அந்த மூணு நாள் லேப்ல என்ன பண்ணாங்கன்னு கேட்டா யாருமே சொல்லல. நானே தேடிப் படிச்சு ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன்." தாத்தா பிழைத்தாரே என்று நீங்கள் எல்லாரும் நிம்மதி அடைந்த இடத்தில் இந்தப் பெண்ணுக்குக் கேள்வி பிறந்திருக்கிறது. நர்சிங், பார்மசி, பிசியோதெரபி என்று மருத்துவத்துக்கு மாற்றாக எல்லாரும் சொல்லும் பட்டியலை உங்களுக்கு யார் வேண்டுமானாலும் தருவார்கள், நான் அந்தப் பக்கம் போகவில்லை. உங்கள் மகளின் கேள்விக்கு ஒரு துறையே இருக்கிறது. அதன் பெயர் மருத்துவ நுண்ணுயிரியல்.

அந்த மூன்று நாளில் என்ன நடந்தது என்று சொல்கிறேன், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். தாத்தாவின் கையிலிருந்து எடுத்த ரத்தம், சத்து நீர் நிரப்பிய பாட்டில்களில் போய் ஓர் இயந்திரத்துக்குள் உட்காரும். உடம்புச் சூட்டில் வைத்திருப்பார்கள். ரத்தத்தில் பாக்டீரியா இருந்தால் அது பெருகும், பெருகும்போது கரியமில வாயு வெளிவிடும், பாட்டிலின் அடியில் இருக்கும் உணரி அதைக் கண்டுபிடித்ததும் இயந்திரம் சத்தம் கொடுக்கும். அது நடு இரவாகவும் இருக்கலாம். அங்கே இருப்பவர் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார். ஊதாவா, இளஞ்சிவப்பா, உருண்டையா, குச்சி வடிவமா? பார்த்ததும் வார்டுக்குப் போன் போகும். டாக்டருக்குக் கிடைக்கும் முதல் தடயமே அதுதான்.

அடுத்து அதைச் சத்துக் கூழ் நிரப்பிய தட்டில் வளர்க்க வேண்டும், ஒரு ராத்திரி ஆகும். காலையில் தட்டில் தெரியும் புள்ளியில் துளியூண்டு எடுத்து உலோகத் தகட்டில் தடவி மால்டி-டாஃப் என்ற கருவியில் வைத்தால், லேசர் அதன் மேல் பட்டு, அதிலுள்ள புரதங்களின் எடையை வைத்து சில நிமிடங்களில் கிருமியின் பெயரைச் சொல்லிவிடும். முன்பெல்லாம் இதற்கே இன்னொரு நாள் போகும். பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று தெரிய வேண்டும். கிருமியை ஒரு தட்டு முழுக்கச் சீராகப் பரப்பி, அதன் மேல் மருந்து ஏற்றிய சின்னச் சின்ன வட்டத் தாள்களை வைத்து, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் வைப்பார்கள். மருந்து வேலை செய்தால் தாளைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வளையம் விழும். அதை மில்லிமீட்டர் கணக்கில் அளப்பார்கள்.

இங்கேதான் ஆள் முக்கியம். வளையம் நன்றாக அகலமாக இருக்கும், அளவும் சரியாக வரும், ஆனால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வளையத்துக்குள்ளே ஒரே ஒரு வெளிறிய புள்ளி இருக்கும். அவசரக்காரர் "மருந்து கேட்கும்" என்று எழுதிவிட்டுப் போவார். பொறுமைக்காரர் அந்தப் புள்ளியைத் தனியாக எடுத்து மறுபடி வளர்ப்பார். அது வெளியிலிருந்து வந்து விழுந்த வேறு கிருமியாக இருக்கலாம், மருந்துக்கு அடங்காத கூட்டத்தின் முதல் ஆளாகவும் இருக்கலாம். உங்கள் மகள் எந்த வகை என்று எனக்குத் தோன்றுகிறதோ அதுதான் உங்களுக்கும் தோன்றும்.

உங்கள் அண்ணன் இதை "லேப் வேலை" என்று ஒரு மாதிரி இழுத்துச் சொன்னாராம். அவருக்கு ஒரு கணக்கைச் சொல்லுங்கள். 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுக்கச் சுமார் 12.7 லட்சம் பேர், அதோடு தொடர்புடைய மரணங்கள் 49.5 லட்சம் என்று 2022-ல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. இப்படியே போனால் 2025-லிருந்து 2050-க்குள் நேரடி மரணங்கள் 3.9 கோடியைத் தாண்டும் என்று 2024-ல் வந்த இன்னொரு ஆய்வு மதிப்பிட்டது. எந்தக் கிருமி எந்த மருந்தை மீறுகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும் ஆட்கள் இல்லாமல் எவ்வளவு பெரிய டாக்டரும் இருட்டில்தான் மருந்து எழுத வேண்டும்.

சமீபத்தில் வந்த முடிவு ஒன்று. ரத்தத்தில் கிருமித் தொற்று வந்தவர்களுக்கு இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுப்பது வெகுநாள் பழக்கம். ஏழு நாள் போதாதா என்று 7 நாடுகளில் 74 மருத்துவமனைகளில் 3,600-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தார்கள், முடிவு 2024 நவம்பரில் வந்தது. 90 நாளுக்குள் இறந்தவர்கள் ஏழு நாள் குழுவில் 14.5 சதவீதம், பதினான்கு நாள் குழுவில் 16.1 சதவீதம். அதாவது பாதி மருந்து கொடுத்ததால் நிலைமை மோசமாகவில்லை. (எல்லாத் தொற்றுக்கும் இது பொருந்தாது, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி வந்தவர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவே இல்லை.) அந்த மூவாயிரத்துச் சொச்சம் பேரையும் சோதனைக்குள் சேர்க்க வைத்தது எது? லேபில் ஒரு பாட்டில் கொடுத்த சத்தம்தான்.

இன்னொன்று, இதை மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். பாக்டீரியாவையே தாக்கிக் கொல்லும் வைரஸ்கள் உண்டு, பேஜ் என்பார்கள். 2010-ல் தென்னாப்பிரிக்காவில் ஒரு மாணவி, அழுகிப்போன கத்தரிக்காயின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு பேஜைப் பிரித்தெடுத்தாள். மாணவர்கள் பயிற்சிக்காகச் செய்யும் வேலை அது. அந்தப் பேஜ் ஆண்டுக்கணக்காகக் குளிர்பெட்டியில் கிடந்தது. பிறகு லண்டனில் நுரையீரல் மாற்று அறுவை முடிந்த ஒரு 15 வயதுப் பெண்ணுக்கு எந்த மருந்துக்கும் அடங்காத மைக்கோபாக்டீரியத் தொற்று (காசநோய்க் கிருமியின் இனம்) பரவியபோது, அவளுக்குக் கொடுத்த மூன்று பேஜ்களில் ஒன்றாக அது போய்ச் சேர்ந்தது. தொற்று முழுக்க ஒழிந்துவிடவில்லை, ஆனால் புண்கள் ஆறத் தொடங்கின, அந்தப் பெண் வீட்டுக்குப் போனாள். 2019-ல் இது ஆய்விதழில் வெளிவந்தது. அந்தக் கத்தரிக்காயைக் கையில் எடுத்த மாணவி டாக்டர் இல்லை.

சரி, இந்தத் துறையின் கஷ்டங்களையும் மறைக்காமல் சொல்கிறேன். தொடக்கச் சம்பளம் குறைவு. வெறும் இளங்கலைப் பட்டத்தோடு நின்றுவிட்டால் பல இடங்களில் மேலே போக முடியாது, முதுகலையும் கைப்பழக்கமும் வேண்டும், ஐந்து வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் அதிகாரம் சில நாடுகளில் மருத்துவப் பட்டம் பெற்றவருக்கு மட்டும்தான், அதை இப்போதே விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் தெரிந்தால் மனசு உடையும். ஆனால் மருத்துவமனைகளில் தொற்றுத் தடுப்பு, மருந்து எதிர்ப்புக் கண்காணிப்பு, தடுப்பூசித் தயாரிப்பில் தரச் சோதனை, கழிவுநீரில் கிருமி தேடுவது என்று வழிகள் நிறைய. 2022-ல் நியூயார்க்கிலும் லண்டனிலும் போலியோ வைரஸ் இருப்பதைக் கழிவுநீரில் பார்த்தார்கள், அதுவும் இந்த மாதிரி லேப் வேலைதான்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டிடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மருத்துவமனையிலிருந்து நிஜ மாதிரிகள் வருகின்றனவா, வருடா வருடம் அதே பழைய கிருமியை வளர்த்துக் காட்டுகிறார்களா? கிருமி வெளியே பரவாமல் காற்றை வடிகட்டும் பாதுகாப்புப் பெட்டி ஓடுகிறதா, இல்லை அதன் மேல் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருக்கிறார்களா? ஒரு மாணவி வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தன் கையால் தட்டில் கிருமியைக் கோடு கோடாகத் தடவி வளர்க்கிறாள் என்று ஆசிரியரிடம் கேட்காமல் படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள். பதில் இழுத்தால் பணம் கட்டாமல் வந்துவிடுங்கள்.

பணம் கட்டும் முன் இன்னொரு வேலை. ஏதாவது ஒரு மருத்துவமனை லேபில் இரண்டு நாள் ஓரமாக நின்று பார்க்க அனுமதி கேட்கலாம், கடிதம் நான் எழுதித் தருகிறேன். அந்த வாடையும், திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்வதும் பிடிக்கவில்லை என்று வந்து சொன்னாள் என்றால் நான் வேறு யோசிக்கிறேன், வற்புறுத்த மாட்டேன். நீங்களும் வற்புறுத்தக் கூடாது.

அடுத்த சனிக்கிழமை வாருங்கள். உங்கள் அண்ணனும் வரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் முதல் அரை மணி நேரம் வேறு யாரும் பேச வேண்டாம். மகளை அந்த நோட்டை எடுத்துவரச் சொல்லுங்கள்.