மணலில் இரண்டு பேர் – கடிதம்

வணக்கம் ஐயா,

பாரீஸ் ஒலிம்பிக்ஸில் ஈஃபிள் கோபுரத்தடியில் நடந்த பீச் வாலிபால் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். என் மகன் கல்லூரி வாலிபால் அணியில் ஆடுகிறான். கொஞ்ச நாளாக, இனிமேல் மணலில்தான் ஆடுவேன் என்று நிற்கிறான். எனக்கு அது லீவுக்குக் கடற்கரைக்குப் போனவர்கள் பொழுதுபோக்காக ஆடுவது மாதிரிதான் தெரிகிறது. இதை நம்பி ஒருவர் பிழைக்க முடியுமா? எத்தனை வயது வரை?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தம்பியின் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. அதனால் அவரைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. கார்ச் கிராலியைப் பற்றிச் சொல்கிறேன். இந்த ஆட்டத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவர்தான் கடைசி எல்லைக்கல்.

அப்பா ஹங்கேரிக்காரர், அந்நாட்டின் இளையோர் அணியில் ஆடியவர். 1956 புரட்சி நசுக்கப்பட்டதும் தப்பி அமெரிக்கா வந்தார். (கிராலி என்றால் அவர்கள் மொழியில் அரசன்.) கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் வளர்ந்த மகன் தன் முதல் கடற்கரைப் போட்டியை ஆடியது 11 வயதில். ஜோடி வேறு யாருமில்லை, அப்பாதான். பிறகு உள்ளரங்க அணியில் 1984, 1988 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம். பீச் வாலிபால் முதன்முதலாக ஒலிம்பிக்கில் நுழைந்த 1996இல், அட்லாண்டாவில், கென்ட் ஸ்டெஃப்ஸோடு இன்னொரு தங்கம். இரண்டு வகையிலும் தங்கம் வென்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

பொழுதுபோக்கு என்கிறீர்கள். நானும் பள்ளியில் வாலிபால் ஆடியவன். பின்வரிசை மூலையில் பதுங்கி, பந்து வந்தால் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து "உன்னுது, உன்னுது" என்று கத்தியே மூன்று வருடம் ஓட்டினேன். மணலில் அந்தப் பிழைப்பு நடக்காது. இரண்டே பேர். மாற்று ஆட்டக்காரர் கிடையாது. இருவரில் யார் பந்தை எடுக்கத் திணறுகிறார் என்று தெரிந்துவிட்டால் சர்வீஸ் எல்லாம் அவர் தலைக்குத்தான் வரும், ஆட்டம் முடியும்வரை. அவரே எடுத்து, கூட்டாளி தூக்கிக் கொடுக்க, அவரே எழும்பி அடிக்க வேண்டும். அதுவும் கணுக்கால் புதையும் மணலில். ஏழு புள்ளிக்கு ஒருமுறை பக்கம் மாறுவார்கள். காற்றும் வெயிலும் ஒருவருக்கே வாய்த்துவிடக் கூடாதே.

அடுத்த முறை டிவியில் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு நெட்டருகே நிற்பவரின் முதுகைப் பாருங்கள். கைகள் இரண்டும் பின்னால் இருக்கும். ஒரு விரல் நீட்டினால் நேராக அடிப்பதை மறிக்கிறேன் என்று பொருள். இரண்டு விரல் என்றால் குறுக்காக அடிப்பதை. இடது கை ஓர் எதிராளிக்கு, வலது கை இன்னொருவருக்கு. பின்னால் அத்தனை மணலையும் ஒற்றை ஆளாகக் காக்கிறவர் அந்த விரல்களை நம்பித்தான் ஓடுகிறார். சொன்னது ஒன்று, மறித்தது ஒன்று என்றால் அவர் ஓடியது வீண்.

அதனால்தான் இந்தத் தொழிலில் கூட்டாளியை அமைத்துக்கொள்வது பெண் பார்ப்பதைவிடக் கஷ்டம். கிராலிக்குக் கல்லூரிக் காலத்து ஜோடி சின்ஜின் ஸ்மித். 1980களில் பிரிந்தார்கள், கிராலி உள்ளரங்க தேசிய அணிக்கு, ஸ்மித் ராண்டி ஸ்டோக்லோஸோடு கடற்கரைக்கு. அட்லாண்டா காலிறுதியில் கிராலியும் ஸ்மித்தும் நெட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள். ஸ்மித்துக்கு அப்போது 39 வயது. சர்வீஸ் போடும் பக்கத்துக்கு மட்டுமே புள்ளி என்ற பழைய விதி. ஒரே செட், 15 புள்ளி. 17–15 என்று இழுத்துத்தான் கிராலி ஜோடியால் ஜெயிக்க முடிந்தது. இறுதி ஆட்டம்கூட அவ்வளவு கஷ்டமில்லை. பெண்களில் மிஸ்டி மே–கெர்ரி வால்ஷ் ஜோடி 2004, 2008, 2012 மூன்று ஒலிம்பிக்கிலும் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. மொத்தத்தில் பறிகொடுத்தது ஒரே ஒரு செட். மே ஓய்வு பெற்றபின் வேறு ஜோடியோடு 2016இல் வந்த வால்ஷுக்கு வெண்கலம்தான் கிடைத்தது.

பணம். மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. ஜெயித்தால் பரிசு, அதில் பாதி கூட்டாளிக்கு. மிச்சத்துக்கு விளம்பரதாரர். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் ஏவிபி 1998இல் திவாலானது. 2010இல் சீசன் நடுவிலேயே கடையைச் சாத்தியது. 148 போட்டிகள் வென்ற கிராலி ஆயுள் முழுக்க ஈட்டிய பரிசுப்பணம் சுமார் 30 லட்சம் டாலர். பெரிய தொகைதான், ஆனால் அது முதலிடத்துக்காரரின் கணக்கு. இருபதாம் இடத்தில் இருப்பவர் விமான டிக்கெட்டுக்கே யோசிப்பார். கிராலியே நடுவில் இத்தாலியின் ரவென்னா கிளப்புக்குப் போய் உள்ளரங்கில் ஆடிவிட்டுத்தான் மணலுக்குத் திரும்பினார்.

வயதுக்கு மட்டும் மணல் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது என்று நினைக்கிறேன், விழுந்தால் தாங்குகிறதே. கிராலிக்கு 40 ஆனபோது, 2001இல், ஆடுகளத்தை 9 மீட்டரிலிருந்து 8 மீட்டராகச் சுருக்கினார்கள். நெட்டில் மறிக்கும் நெட்டைக்காரர்களுக்குக் கொண்டாட்டம்; ஆறடி இரண்டு அங்குலம் உள்ள கிராலிக்கு நஷ்டம். அப்படியும் 2005இல், 44 வயதில், ஹன்டிங்டன் பீச்சில் ஜெயித்தார். ஓய்வு 2007இல். பிறகு பயிற்சியாளராகி, டோக்கியோவில் அமெரிக்கப் பெண்கள் உள்ளரங்க அணிக்கு முதல் தங்கத்தை வாங்கிக் கொடுத்தார்.

தம்பி படிப்பை முடிக்கட்டும் என்று நீங்கள் சொல்வீர்கள், சொல்லுங்கள். கிராலியும் உயிர்வேதியியல் பட்டதாரிதான். நான் தம்பியிடம் கேட்பது வேறு: கூட ஆடப்போவது யார்? இதைக் கேட்டுச் சொல்லுங்கள். "இன்னும் முடிவாகவில்லை" என்றால் நீங்கள் இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம். சட்டென்று ஒரு பெயரைச் சொன்னால், அந்தப் பையனின் அப்பாவையும் ஒருநாள் போய்ப் பாருங்கள்.