அடுக்ககங்களின் முதுமை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நகரங்கள் பக்கவாட்டில் பரவுவதைவிட உயர்ந்து வளர்வதே நல்லது என்று நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அந்த வாதத்தை ஏற்கிறேன். ஆனால் கட்டி முடித்தபின் அங்கே குடியிருப்பவர்கள் படும் பாட்டைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

இருபது ஆண்டுகளைக் கடந்த ஓர் அடுக்கக வளாகத்தில் வசிக்கிறேன். சங்கத்தின் செயற்குழுவிலும் இருக்கிறேன். மொட்டைமாடியில் தேங்கும் நீர் மேல்தள வீடுகளின் கூரையில் கசிகிறது. வாகன நிறுத்தத் தூண்களில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிகிறது. லிஃப்டுகளை மாற்றியாக வேண்டும். ஒவ்வொரு பொதுக்குழுவிலும் இந்தச் செலவுகளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கிறோம். பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்தலாமென்றால் வயதானவர்கள் எதிர்க்கிறார்கள். வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் கூட்டத்துக்கே வருவதில்லை. நகராட்சியை அணுகினால், "அது தனியார் சொத்து, உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். இதற்கிடையே எங்கள் தெருவில் புதிதாக மூன்று கோபுரங்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் ஒற்றைப் படுக்கையறை வீடுகள்.

இது எங்கள் ஒற்றுமையின்மையால் வரும் பிரச்சினையா, நகரத்துக்கும் இதில் பொறுப்புண்டா? நகராட்சியே இக்கட்டடங்களின் பராமரிப்பை ஏற்றுக்கொண்டால் என்ன?

இப்படிக்கு,
ஒரு வாசகர்
(பெயரும் ஊரும் வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் முக்கியமானது. உயரமாகக் கட்டலாமா என்பதைப் பற்றி எங்கும் நிறையப் பேசுகிறார்கள். கட்டியது முப்பதாவது ஆண்டில் எப்படி இருக்கும், அதற்கு யார் பணம் கொடுப்பார்கள் என்று பேசுவோர் குறைவு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டடப் பணிநிறைவுச் சான்றிதழில் கையெழுத்திட்ட அன்றோடு தன் வேலை முடிந்ததாக நகர நிர்வாகங்கள் கருதுவதே உங்கள் சிக்கலின் வேர். உங்கள் சங்கத்தின் ஒற்றுமையின்மை அதன் விளைவுதான்.

"தனியார் சொத்து" என்ற பதில் பாதி உண்மை. வீட்டின் உட்சுவர்களுக்குள் இருப்பது உங்களுடையது. அஸ்திவாரம், தூண், கூரை, கழிவுநீர்க் குழாய், லிஃப்ட், தீயணைப்புக் குழாய் எல்லாம் அனைவருக்கும் பொது. இந்த உரிமைமுறையே சட்டம் உருவாக்கிய ஒன்று. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1961ல் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. சிங்கப்பூர் உட்படப் பல நாடுகள் அந்த வழியில் சென்றன. ஒருவரையொருவர் அறியாத நூறு குடும்பங்களைச் சட்டத்தின் மூலம் ஒரே கூரையின் கீழ் கட்டிவைத்து, வரி வசூலிக்கும் அதிகாரமோ அலுவலர்களோ இல்லாத ஒரு சிறு உள்ளாட்சியை அவர்களிடம் ஒப்படைத்துவிடுகிறோம். நகரமோ அந்த நூறு வீடுகளிலும் சொத்துவரி பெறுகிறது. ஆனால் உள்ளே ஓடும் பாதையையும் வடிகாலையும் விளக்கையும் பராமரிக்கும் செலவு அதற்கு இல்லை. இவ்வளவு ஆதாயம் பெறும் நகரம் ஒதுங்கி நிற்பது நியாயமில்லை.

ஒதுங்கி நின்றால் என்ன ஆகும் என்பதை உலகம் ஒருமுறை பார்த்துவிட்டது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், மயாமிக்கு அருகே உள்ள சர்ஃப்சைடு என்ற சிறு நகரில், 1981ல் கட்டப்பட்ட சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி 2021 ஜூன் 24 பின்னிரவில் இடிந்து விழுந்தது. உறக்கத்தில் இருந்தவர்கள் உட்பட 98 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தின் நோய் யாருக்கும் தெரியாமல் இல்லை. நீச்சல்குளத் தளத்தின் நீர்த்தடுப்பு அடுக்கு பழுதாகிவிட்டது, தளம் சரிவில்லாமல் சமமாகப் போடப்பட்டதால் நீர் வடியாமல் நிற்கிறது, கீழேயுள்ள கான்கிரீட் பெருமளவு சேதமடைந்திருக்கிறது என்று சங்கம் அமர்த்திய பொறியாளர் 2018லேயே எழுதிக் கொடுத்திருந்தார். அந்த அறிக்கை நகரத்தின் கட்டட அலுவலருக்கும் போய்ச் சேர்ந்தது. பிறகு நடந்தவை உங்களுக்குப் பழக்கமானவைதான்: கூட்டங்கள், வாக்குவாதங்கள், செயற்குழு உறுப்பினர்களின் ராஜினாமாக்கள். பழுதுபார்க்க சுமார் ஒன்றரைக் கோடி டாலர் திரட்டுவதென்று சங்கம் முடிவெடுத்தபோது 2021 ஏப்ரல் ஆகியிருந்தது. அந்த வட்டாரத்தின் அப்போதைய விதிப்படி, ஒரு கட்டடத்துக்கு 40 வயதான பிறகே மறுசான்றுப் பரிசோதனை கட்டாயமாக இருந்தது. தளத்தின் வடிவமைப்பிலேயே வலுக்குறைவு இருந்ததாகப் பின்னர் நடந்த அரசு ஆய்வு கண்டது. அப்படியிருந்தும் அந்தக் கட்டடத்தை நாற்பது ஆண்டுகள் அரசு மறுபடி பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

உங்கள் தூண்களில் தெரியும் கம்பியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நல்ல கான்கிரீட் தன் காரத்தன்மையால் உள்ளே இருக்கும் எஃகைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவும் நீரோடு வரும் உப்பும் விரிசல்கள் வழியே உள்ளே இறங்கும்போது அந்தக் காப்பு அழிகிறது. துரு எஃகைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. உதிர்ந்த இடத்தில் மேலும் ஈரம் புகுகிறது. இந்தச் சுழற்சியின் தொடக்கத்தில் நீர்த்தடுப்புப் பூச்சும் சிறு ஒட்டுவேலையும் போதும். பத்தாண்டு தள்ளிப்போட்டால் தளத்தையே வெட்டியெடுத்து மீண்டும் வார்க்க நேரும். நீங்கள் ஒவ்வொரு பொதுக்குழுவிலும் தள்ளிவைக்கும் செலவு, அதே தொகையாக அடுத்த ஆண்டு உங்களுக்காகக் காத்திருப்பதில்லை. உதிர்ந்த இடத்துக்குமேல் சிமென்ட் பூசி வண்ணம் அடிப்பது பழுதை மறைக்குமே தவிரத் தீர்க்காது. தயவுசெய்து அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வயதானவர்கள் எதிர்க்கிறார்கள் என்ற உங்கள் மனக்குறையில் எனக்கு முழு உடன்பாடில்லை. ஓய்வூதியத்தில் வாழும் எழுபத்தைந்து வயதுக்காரர், இருபது ஆண்டு கழித்துப் பலன் தரும் ஒரு செலவுக்கு இன்று பெருந்தொகை கொடுக்கத் தயங்குவதில் அநியாயம் ஒன்றுமில்லை. இரண்டு ஆண்டில் விற்றுவிட்டுப் போக நினைக்கும் இளம் தம்பதியரும் அப்படியே தயங்குவார்கள். வாடகை வாங்குபவருக்குக் கட்டணம் குறைவாக இருப்பதே லாபம். அங்கேயே வாழ்ந்து, கசிவை அன்றாடம் பார்க்கும் வாடகைதாரருக்கு வாக்கே கிடையாது. ஆளாளுக்குத் தம் அளவில் அறிவார்ந்த முடிவெடுத்தாலும் கட்டடம் பாழாகும். இந்த அமைப்பு அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் பெரிய பழுதுகளுக்காக முன்கூட்டியே சேர்த்துவைக்கும் சேமநிதியைப் பொதுக்குழுவின் கைதூக்கலுக்கு விட்டுவிடக் கூடாது, சட்டமே அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்கிறேன். ஃப்ளோரிடாவில் முன்பு உரிமையாளர்கள் வாக்களித்துச் சேமநிதியையே தவிர்த்துவிட முடிந்தது. 2022ல் வந்த சட்டம், மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்புகளுக்கு 30 ஆண்டிலும் பிறகு 10 ஆண்டுக்கு ஒருமுறையும் பரிசோதனையை விதித்து, கட்டமைப்புப் பழுதுகளுக்கான நிதியைத் தவிர்க்கும் அந்த உரிமையையும் நீக்கியது.

அந்தச் சட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பல பத்தாண்டுகளாகச் சேர்க்காமல் விட்ட பணத்தை ஓரிரு ஆண்டில் கேட்டதால் கட்டணங்கள் தாறுமாறாக உயர்ந்து, ஓய்வுபெற்ற பலர் வீட்டை விற்றுவிட்டு வெளியேறும் நிலை வந்தது. 2025ல் சட்டத்தைத் தளர்த்தி, சங்கங்கள் கடன்பெற்றுச் சமாளிக்க வழிசெய்தார்கள். கட்டாயம் மட்டும் போதாது என்பதற்கு இது சான்று. பரிசோதனையை விதிக்கும் நகரம், சங்கங்களுக்கு நீண்டகாலக் குறைந்த வட்டிக் கடனையும், வருமானமில்லாத முதியவர்களின் பங்கை வீடு கைமாறும்போது வசூலித்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் உடன் கொண்டுவர வேண்டும்.

அதைவிட முக்கியம், வரவுசெலவை முதல் நாளிலேயே சரியாகத் தொடங்குவது. கட்டுநர் வீட்டை விற்பதற்காகப் பராமரிப்புக் கட்டணத்தை மிகக் குறைவாகக் காட்டுவார்; ஒப்படைத்த மறு ஆண்டே அது ஏறத் தொடங்கும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணச் சட்டம், முதலாண்டின் உண்மையான செலவு கட்டுநர் காட்டிய கணக்கை மிஞ்சினால் அந்தக் குறையைக் கட்டுநரே ஈடுகட்ட வேண்டும் என்கிறது. எளிய விதிதான், ஆனால் வாங்குபவர் கையில் உண்மையான எண்ணை இது சேர்த்துவிடுகிறது.

கட்டும்போதே நேரும் பிழைகளில் நகரத்தின் சொந்தப் பங்கும் இருக்கக்கூடும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலுள்ள வான்கூவரில் 1980களிலும் 90களிலும் கட்டப்பட்ட ஏராளமான அடுக்ககங்களின் வெளிச்சுவர்களுக்குள் மழைநீர் புகுந்து, உள்ளிருந்த மரச்சட்டங்கள் அழுகிப்போயின. இதை விசாரிக்க 1998ல் முன்னாள் மாகாண முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் ஆணையம் அமைந்தது. சுவரில் நுழையும் நீர் வெளியேற இடைவெளி இல்லை, மழையைத் தடுக்கும் கூரை நீட்சி இல்லை என்பவை உடனடிக் காரணங்கள். ஏன் இல்லை? ஒரு மனையில் எவ்வளவு பரப்பு கட்டலாம் என்று வரையறுக்கும் நகரத்தின் தரைப்பரப்பு விதிகள் தடித்த சுவரையும் நீட்சிகளையும் அனுமதித்த பரப்பிலேயே கணக்கிட்டதும் ஒரு காரணம். கூரையை இரண்டடி நீட்டினால் விற்கக்கூடிய பரப்பு குறையும் என்றால் எந்தக் கட்டுநர் நீட்டுவார்? அதே ஆண்டில் வந்த சட்டம் வேலைப்பாட்டுக்கு 2 ஆண்டு, வெளிச்சுவர் உறைக்கு 5 ஆண்டு, கட்டமைப்புக்கு 10 ஆண்டு எனக் காப்பீட்டுடன் கூடிய உத்தரவாதத்தைக் கட்டாயமாக்கியது. சிட்னியில் 2018 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் புத்தம்புதிய ஓப்பல் டவரில் விரிசல் கண்டு குடியிருந்தவர்களை வெளியேற்றினார்கள்; அடுத்த ஜூனில், கட்டி பத்தாண்டே ஆன மாஸ்காட் டவர்ஸிலும் அதே கதி. அதன்பிறகு நியூ சவுத் வேல்ஸ் 2020ல் இயற்றிய சட்டம், பெருங்குறை இருக்கும் கட்டடத்துக்குக் குடியேறும் சான்றிதழையே தடுத்துநிறுத்தும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. என் பார்வையில் நகரத்தின் கையில் இருக்கக்கூடிய மிக வலிமையான கருவி இதுதான். கட்டுநருக்கு நகரத்தின் தயவு தேவைப்படும் கடைசித் தருணம் அது. அதன்பின் அவரைத் தேடிப் பிடிப்பதே உங்களைப் போன்றவர்களின் வேலையாகிவிடும்.

உங்கள் தெருவின் மூன்று கோபுரங்களுக்கு வருகிறேன். கட்டத் தொடங்கும் முன்பே குறிப்பிட்ட பங்கு வீடுகள் விற்றிருந்தால்தான் வங்கி கடன் கொடுக்கும். வரைபடத்தைப் பார்த்தே வாங்கத் துணிபவர்கள் பெரும்பாலும் முதலீட்டாளர்கள். அவர்களுக்கு எளிதில் வாங்கி விற்கத்தக்க சிறிய வீடு வேண்டும். ஆகவே சிறிய வீடுகளே மிகுதியாக எழுகின்றன. குழந்தை பிறந்ததும் குடும்பங்கள் வெளியேறுகின்றன, வாங்கியவர் வேறெங்கோ இருக்கிறார், கூட்டத்தில் போதிய உறுப்பினர்கள் சேர்வதில்லை. வீட்டின் அளவும் சங்கத்தின் ஆரோக்கியமும் இப்படிப் பிணைந்திருக்கின்றன. டொரான்டோ 2020ல் ஏற்ற வழிகாட்டுநெறி, பெரிய வளாகங்களில் குறைந்தது 10 விழுக்காடு மூன்று படுக்கையறை வீடுகளும் 15 விழுக்காடு இரண்டு படுக்கையறை வீடுகளும் இருக்க வேண்டும் என்கிறது. குழந்தைகள் விளையாடும் இடம், தள்ளுவண்டியை நிறுத்தும் இடம்வரை அது பேசுகிறது. இத்தகைய நெறியை அனுமதியின் நிபந்தனையாகவே ஆக்கும் துணிவு நகரங்களுக்கு வேண்டும்.

அண்டைவீட்டுச் சச்சரவுகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது வீண். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2016 முதலும் ஒன்டாரியோவில் 2017 முதலும் இதற்கென்றே இணையவழித் தீர்ப்பாயங்கள் இயங்குகின்றன. எந்த நகரத்துக்கும் இது எட்டாத ஏற்பாடு இல்லை.

நகராட்சியே பராமரிப்பை ஏற்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது என்றே நினைக்கிறேன். தனி வீட்டிலும் குடிசையிலும் இருப்பவர் செலுத்தும் வரியில் உங்கள் லிஃப்டை மாற்றுவது முறையாகாது. நகரம் செய்ய வேண்டியது, கட்டடத்தை அதன் ஆயுள் முழுதும் அறிந்திருப்பது. டோக்கியோ பெருநகர அரசு 2019ல் இயற்றிய கட்டளைச் சட்டத்தின்படி, 1983 இறுதிக்குள் கட்டப்பட்ட, ஆறும் அதற்கு மேலும் வீடுகள் கொண்ட அடுக்ககங்கள் தமக்குச் சங்கம் இருக்கிறதா, பழுதுபார்ப்பு நிதி சேர்க்கப்படுகிறதா என்பதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இவ்விவரம் கையில் இருந்தால்தான் எந்தக் கட்டடம் தடுமாறுகிறது என்று தெரிந்து, அங்கே பொறியாளரையோ ஆலோசகரையோ அனுப்ப முடியும். பழுதுபார்க்கவே இயலாத கட்டடங்களுக்கு முடிவுகட்டும் வழியும் சட்டத்தில் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் 1999 முதல், பத்தாண்டு கடந்த வளாகத்தை 80 விழுக்காட்டினரின் சம்மதத்தோடு மொத்தமாக விற்கலாம். மீதி 20 விழுக்காட்டில் போக்கிடமில்லாத முதியவர்களும் இருப்பார்கள் என்பதால், மாற்று வீட்டுக்கான உறுதி இல்லாமல் அப்படியொரு விதியை நான் ஆதரிக்க மாட்டேன்.

உங்கள் வளாகத்துக்கு இப்போது செய்யக்கூடியது இது. அடுத்த பொதுக்குழுவில் கட்டண உயர்வைப் பேச வேண்டாம். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கொண்டு தூண்களையும் மொட்டைமாடியையும் பரிசோதிக்க மட்டும் ஒப்புதல் பெறுங்கள். அதற்கான செலவு சிறியது, எதிர்ப்பும் குறைவாகவே இருக்கும். எதை இந்த ஆண்டே செய்ய வேண்டும், எது ஐந்தாண்டு பொறுக்கும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆகும் என்று அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். அதைக் கூட்டத்துக்கு வராதவர்கள் உட்பட எல்லா உரிமையாளர்களுக்கும் வாடகைதாரர்களுக்கும் அனுப்புங்கள். ஒரு பிரதியை நகராட்சியின் கட்டடப் பிரிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள். அக்கம்பக்கத்தில் அதே வயதுடைய வளாகங்களின் சங்கங்களும் இவ்வாறே அறிக்கை பெற்றபின், எல்லோரும் சேர்ந்து நகர்மன்ற உறுப்பினரைச் சந்தித்து, கட்டாயப் பரிசோதனையையும் சங்கங்களுக்கான கடன் திட்டத்தையும் ஒரே மனுவில் கேளுங்கள். அந்த மூன்று கோபுரங்களின் ஒப்படைப்பு நிபந்தனைகளையும் அதே மனுவில் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்