குச்சிக்கிழங்குத் தாள் ஏன் நொறுங்குகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகக் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவைக் காய்ச்சி, தட்டில் ஊற்றி, பிளாஸ்டிக் மாதிரி தாள் செய்தோம். கிளிசரின் கைவசம் இல்லாததால் சேர்க்கவில்லை. காய்ந்ததும் அப்பளமாக நொறுங்கிவிட்டது. எங்கே தவறினோம்?
– ஆசிரியை ஒருவர், ஆத்தூர்

பதில்: கிளிசரின் சேர்க்காததுதான் டீச்சர். நீங்கள் செய்திருப்பது உப்பும் பச்சைமிளகாயும் போடாத வடாம். மாவுச்சத்து என்பது நீளநீளமான சங்கிலிகள். காய்ச்சும்போது தண்ணீர் உள்ளே புகுந்து அவற்றைப் பிரித்துவிடுகிறது, காயும்போது அந்தத் தண்ணீர் வெளியேறிவிட, சங்கிலிகள் ஒன்றோடொன்று இறுக ஒட்டிக்கொள்கின்றன, வளைத்தால் உடைவது அதனால்தான். கிளிசரின் சீக்கிரம் ஆவியாகாது, சங்கிலிகளுக்கு நடுவே உட்கார்ந்து அவை நகர இடம் கொடுக்கும். மருந்துக்கடையில் சின்ன பாட்டிலில் கிடைக்கும்.

அளவு: 100 மில்லி தண்ணீருக்கு 5 கிராம் மாவு, ஒன்றரை முதல் 2 கிராம் கிளிசரின். பச்சைத் தண்ணீரிலேயே கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, சிறு தீயில் கை விடாமல் கிளறுங்கள். 65, 70 டிகிரி வாக்கில் பால் மாதிரி இருந்தது சட்டென்று கண்ணாடியாக மாறும். பிள்ளைகளைக் கிட்டே நிற்கவைத்துக் காட்டவேண்டிய இடம் அது. அத்தோடு இறக்கிவிடாமல் இன்னும் பத்து நிமிடம் கிளறினால்தான் முழுதாக வேகும். அப்புறம் சற்று ஆறவிட்டு, குமிழி அடங்கியதும் ஊற்றுங்கள். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு 50 மில்லி போதும். நான் முதல் தடவை எவர்சில்வர் தட்டில் ஊற்றிவிட்டுக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். வடாம் பிழிகிற பிளாஸ்டிக் ஷீட்டில் அழகாக உரிந்து வரும் (ஆமாம், பிளாஸ்டிக்குக்கு மாற்று செய்ய பிளாஸ்டிக்தான் தேவைப்படுகிறது). வடாமை மாதிரி வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள், ஓரம் முதலில் காய்ந்து சுருண்டு நடுவில் கீறல் விடும். நிழலில் இரண்டு நாள்.

கிளிசரின் கூடினால் மழைநாளில் பிசுபிசுக்கும். சரியாகவே செய்தாலும் சில வாரத்தில் கொஞ்சம் விறைக்கும், ஃப்ரிட்ஜில் வைத்த சோறு விறைக்கிற அதே கதை. அதனால் கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் ஊற்றினால் போதும். உருளைக்கிழங்கு மாவிலும் வரும். பச்சைக் கிழங்கைத் துருவி நீங்களே மாவு எடுப்பதாக இருந்தால், தோலையும் ஊறவைத்த தண்ணீரையும் ஆடு மாடு பக்கம் போகவிடாதீர்கள். அதில் சயனைடு இருப்பது உங்கள் ஊரில் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கேள்வி: "கிழங்கு மாவுப் பை, வெந்நீரில் கரையும், கரைத்துக் குடிக்கவே செய்யலாம்" என்று ஒருவர் கடைக்கு வந்து கரைத்தும் காட்டினார். வாங்கலாமா?
– மளிகைக் கடைக்காரர், ஈரோடு

பதில்: ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள் அண்ணே. வெறும் கிழங்கு மாவில் செய்த பை என்றால், ஈரத் தக்காளி அரைக்கிலோ போட்டதும் வழவழத்து வீடு போவதற்குள் அடி கழன்றுவிடும். தாக்குப்பிடிக்கிறது என்றால் வேறு ஏதோ கலந்திருக்கிறது. கலப்பதே குற்றமில்லை, மட்கக்கூடிய வேறு பாலிமரோடு மாவைச் சேர்த்துத்தான் உருப்படியான பை வருகிறது. வில்லங்கம் எங்கே என்றால், சாதாரண பாலித்தீனில் கொஞ்சம் மாவைக் கலந்தும் செய்யலாம். மண்ணில் போட்டால் மாவைக் கிருமி தின்றுவிடும், பாலித்தீன் துண்டுதுண்டாக அங்கேயே கிடக்கும். கரைவதும் மட்குவதும் ஒன்றல்ல, பாலிவினைல் ஆல்கஹால் என்கிற செயற்கைப் பிளாஸ்டிக்கும்தான் தண்ணீரில் கரைகிறது. அதற்காக அதைக் குடிப்பார்களா?

டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டால் கருநீலம் ஆகும், மாவு இருக்கிறது என்பது தெரியும். கூட என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. ஆகவே ஐஎஸ் 17088 (மட்கும் பிளாஸ்டிக்குக்கான இந்தியத் தரம்) குறியும் தயாரிப்பாளர் பெயரும் பையிலேயே அச்சாகியிருக்கிறதா பாருங்கள், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றின் நகலைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுங்கள். சான்று உள்ள பையும் 58 டிகிரி வாக்கில் சூடு ஏறுகிற உரக்குவியலில் மட்கும் என்றுதான் சோதிக்கப்பட்டது, உங்கள் கடை வாசல் சாக்கடையில் அல்ல.

கேள்வி: இந்தப் பைகள் பெருகினால் எங்கள் கிழங்குக்கு விலை ஏறுமா?
– விவசாயி, ராசிபுரம்

பதில்: ஆலையில் பாயிண்ட் பார்த்து விலை போடுகிறார்கள், அந்தப் பாயிண்ட் ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் எவ்வளவு மாவு தேறும் என்பதற்கானது. துணி ஆலைக்கும் காகித ஆலைக்கும் கஞ்சி, பசை என்று போகிற மாவும் அதில்தான் அடக்கம். பை தயாரிப்பவர் வந்தாலும் அதே மாவைத்தான் கேட்பார், அதிலும் பையில் மாவு ஒரு பங்குதான். பத்து மாதம் காத்திருக்கவேண்டிய பயிர் இது. இந்தப் பையை நம்பி மட்டும் கூடுதலாக ஒரு ஏக்கர் நட்டுவிடாதீர்கள்.