பல்கலைக்கழகச் சங்கமும் ஊர்ப் பிள்ளைகளின் படிப்பும்: வாசகர் கேள்வி – பதில்

பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் தமிழ் மாணவர் சங்கங்கள் பல, ஆண்டுதோறும் நிகழ்ச்சி வைத்து இலங்கையிலும் இந்தியாவிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவுகின்றன. அந்த வேலையில் இருப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பதில்கள் இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தை ஒட்டியவை. ஸ்கொட்லாந்தில் சில விதிகள் வேறு.

கேள்வி: கிளிநொச்சியில் உயர்தரம் (12, 13 ஆம் வகுப்பு) படிக்கும் 20 பிள்ளைகளுக்கு மாதாமாதம் பணம் கொடுக்க எங்கள் புதிய குழு விரும்புகிறது. வருஷக் கடைசியில்தான் நிகழ்ச்சி. இப்போதே தொடங்கலாமா? – இரண்டாம் ஆண்டு மாணவி, கொவென்ட்ரி

தொடங்க வேண்டாம். உங்கள் குழுவின் ஆயுள் ஒரு வருஷம். உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் பணம் தேவை. அடுத்து வரும் குழு வேறொரு திட்டத்தை விரும்பலாம். மண்டபம் கிடைக்காமலும் போகலாம். 2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடியபோது மேடை நிகழ்ச்சிகள் எல்லாம் நின்றன. அப்படி ஒரு வருஷம் பரீட்சைக்கு ஆறு மாதம் முன்னால் வந்து உதவி நின்றுபோனால், அந்த நம்பிக்கையில் போர்டிங் எடுத்த பிள்ளையின் நிலை, உதவியே கிடைக்காத பிள்ளையின் நிலையைவிட மோசம்.

ஆகவே முதலில் பணம், பிறகு பிள்ளை. ஒருவருக்கு மாதம் 6,000 ரூபாய், 27 மாதம் என்று வைத்தால் 1,62,000 ரூபாய். பவுணுக்கு 400 ரூபாய் என்று கணக்குப் போட்டால் 405 பவுண். பத்துப் பேருக்கு 4,050. அதன்மேல் 15 சதவீதம் விலைவாசிக்காக ஒதுக்கினால் ஏறத்தாழ 4,660 பவுண். அவ்வளவும் வங்கியில் இருந்தால் பத்துப் பேரை எடுங்கள். பாதிதான் இருந்தால் ஐந்து பேர். இருபது என்ற எண் போஸ்டரில் நன்றாகத் தெரியும், அவ்வளவுதான்.

வாக்கை ரூபாயில் கொடுங்கள். பணத்தைப் பவுணில் வைத்திருங்கள். பாடசாலைத் தவணைக்கு ஒரு தடவை அனுப்புங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 அளவுக்குப் போனது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே ரூபாயாக்கி வைத்திருந்தவர்களின் கையிருப்பு விலையேற்றத்தில் கரைந்தது. அந்த மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. கொப்பி விலை எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பவுணை வைத்திருந்தவர்களால் மாதத் தொகையை உயர்த்திக் கொடுக்க முடிந்தது.

கேள்வி: சேர்த்த பணம் மாணவர் யூனியனின் கணக்கில் இருக்கிறது. பாடசாலை அதிபரின் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் நிதிப் பிரிவு மறுக்கிறது. எங்கள் பணத்தை எங்களுக்கே தரமாட்டார்களா? – பொருளாளர், லண்டன்

அவர்கள் மறுப்பது சரி. அது உங்கள் பணமும் அல்ல, யூனியனின் பணமும் அல்ல. இன்ன நோக்கத்துக்கு என்று சொல்லிப் பொதுமக்களிடம் வாங்கிய பணம். யூனியன் பெரும்பாலும் பதிவுபெற்ற அறக்கட்டளையாகவே இருக்கும். பணம் வெளிநாட்டில் என்ன ஆனது என்று கேட்டால் அதன் அறங்காவலர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். தனி ஒருவரின் சொந்தக் கணக்கு என்றதும் கதவு மூடிவிடும்.

நடைமுறையில் வேலை செய்யும் வழி: இலங்கையில் ஏற்கெனவே கல்வித் திட்டம் நடத்தும், பிரித்தானியாவில் பதிவான ஓர் அறக்கட்டளையைத் தேடுங்கள். அறக்கட்டளை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் அதன் பதிவு எண், ஆண்டுக் கணக்கு, கணக்கைப் பிந்தித் தந்த வரலாறு எல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். கணக்கு தொடர்ந்து பிந்தியே வந்திருந்தால் வேறு இடம் பாருங்கள். பிறகு ஒரு பக்க ஒப்பந்தம்: எத்தனை பிள்ளைகள், எவ்வளவு, எந்தத் தேதிகளில், நிர்வாகச் செலவுக்கு எத்தனை சதவீதம், எப்போது அறிக்கை, மிச்சப் பணம் என்ன ஆகும். கடைசி இரண்டையும் எழுதாமல் விட்டுத்தான் அநேகர் சண்டை போடுகிறார்கள். பங்காளி அமைப்பின் பெயரையும் நிர்வாகிகளின் பெயர்களையும் பிரித்தானிய அரசின் தடைப் பட்டியலில் தேடிப் பார்த்து, பார்த்த தேதியையும் குறித்து வையுங்கள். விடுதலைப் புலிகள் இயக்கம் இங்கே 2001 முதல் தடைசெய்யப்பட்டிருப்பதால், இலங்கைக்குப் போகும் பணத்தைப் பற்றி வங்கி கேள்வி கேட்டால் அதில் வியப்பில்லை.

நிகழ்ச்சிக்கு முன்பே பணம் யாருக்குப் போகிறது என்று அறிவித்துவிடுங்கள். 'வடக்குப் பிள்ளைகளின் கல்விக்கு' என்று வாங்கிய பணத்தைக் குழு மாறியதும் வேறொன்றுக்குத் திருப்ப முடியாது. யூனியன்களில் பெரும்பாலும் ஜூலை 31 இல் கணக்கு முடியும். அனுப்பும் படிவத்தை மே மாதமே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: சங்கத்தையே தனி அறக்கட்டளையாகப் பதிவு செய்தால் என்ன? – வாசகர், மான்செஸ்டர்

வேண்டாம். ஆண்டு வருமானம் 5,000 பவுணுக்கு மேல் போனால் தனி அறக்கட்டளை பதிவு செய்தே ஆக வேண்டும். சிஐஓ (அறக்கட்டளைகளுக்கென்றே உள்ள கூட்டு நிறுவன வடிவம்) என்ற வடிவில் தொடங்கினால் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பதிவு கட்டாயம். பதிவு கிடைப்பது பெரிய காரியமல்ல. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அறிக்கை கொடுக்க, பட்டம் பெற்றுப் போனபின்பும் பொறுப்பில் இருக்க, ஆள் வேண்டும். பழைய மாணவர்கள் நாலைந்து பேர் அறங்காவலராக இருக்கச் சம்மதித்தால் யோசிக்கலாம்.

கேள்வி: கலைநிகழ்ச்சி டிக்கெட், அதிர்ஷ்டச் சீட்டு, உண்டியல் குலுக்கல் எல்லாவற்றுக்கும் கிஃப்ட் எய்ட் (நன்கொடையோடு அரசு சேர்த்துத் தரும் வரிப் பணம்) எடுக்கலாமா? – குழு உறுப்பினர், லெஸ்டர்

டிக்கெட்டுக்கும் சீட்டுக்கும் முடியாது. பணம் கொடுத்தவர் பதிலுக்கு ஒன்றை வாங்குகிறார். அது நன்கொடை ஆகாது. சும்மா கொடுத்த பணத்துக்கு மட்டும்தான், பவுணுக்கு 25 பென்ஸ் வீதம், அறக்கட்டளை அரசிடம் கேட்டு வாங்கலாம். கொடுப்பவர் அந்த ஆண்டில் அதற்கு ஈடான வருமான வரியாவது மூலதன ஆதாய வரியாவது கட்டியிருக்க வேண்டும். மாணவர்களிடம் இங்குதான் பிழை வரும். ஆண்டுக்கு 12,570 பவுணுக்குக் கீழே உழைக்கும் மாணவர் பொதுவாக வருமான வரியே கட்டுவதில்லை. அவர் 20 பவுண் கொடுத்து அந்தப் பெட்டியில் அடையாளம் போட்டால், அறக்கட்டளை வாங்கிய 5 பவுணை வரித்துறை அவரிடமே திருப்பிக் கேட்கலாம். ஆகவே படிவத்தை மேசையில் வரும் எல்லோரிடமும் நீட்டாமல், வேலைக்குப் போகும் பெற்றோரிடமும் பழைய மாணவரிடமும் கொடுங்கள்.

குலுக்கல் பெட்டியில் விழும் சில்லறைக்கு வேறு திட்டம் உண்டு: 30 பவுணுக்கு மேற்படாத சிறு நன்கொடைகளுக்குப் படிவமே தேவையில்லை, ஆண்டுக்கு 8,000 பவுண் வரை சேர்ந்ததற்கு 2,000 பவுண் கிடைக்கும். ஆனால் அதே ஆண்டில் அந்த அறக்கட்டளை சாதாரண கிஃப்ட் எய்டும் கேட்டிருக்க வேண்டும். பெட்டியை முத்திரையிட்டு எண் போடுங்கள். இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, அந்த இடத்திலேயே கையெழுத்து வையுங்கள். கம்பஸுக்குள் யூனியனின் அனுமதி போதும். தெருவில் நின்றால் உள்ளூராட்சியின் உரிமம் வேண்டும்; லண்டனில் பெரும்பாலும் பொலிஸின் உரிமம்.

அதிர்ஷ்டச் சீட்டை நிகழ்ச்சி நடக்கும் இடத்திலேயே விற்றால் உரிமம் தேவையில்லை. ஆனால் விற்ற பணத்திலிருந்து பரிசுக்கு 500 பவுணுக்கு மேலும் செலவுக்கு 100 பவுணுக்கு மேலும் எடுக்கக்கூடாது. ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் விற்கத் தொடங்கினால் அது வேறு வகை லாட்டரி. உள்ளூராட்சியில் பதிய வேண்டும்.

போஸ்டரில் 'வசூல் முழுவதும் கல்விக்கு' என்று போடாதீர்கள். 300 டிக்கெட், தலைக்கு 15 பவுண்: 4,500 வரும். மண்டபம், ஒலி ஒளி, சாப்பாடு, உடை என்று 3,700 போனால் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது 800. 'செலவு போக மிகுதி' என்று எழுதுவதுதான் நேர்மை. அந்த 800 பவுணை ஸ்பொன்சர் பிடித்த ஒரு நடைபயணம் ஏறக்குறையச் செலவே இல்லாமல் கொண்டுவரும். கலைநிகழ்ச்சி வேண்டாம் என்பதல்ல; அதைக் கலைக்காக நடத்துங்கள்.

கேள்வி: உண்டியலில் (வங்கிக்கு வெளியே முகவர் வழியாக) அனுப்பினால் விலை கூடக் கிடைக்கிறது, அன்றே போய்ச் சேருகிறது. ஏன் கூடாது? – வாசகர், ஹரோ

பதிவில்லாமல் பணமாற்றுத் தொழில் நடத்துவது இங்கே குற்றம். சங்கத்துக்குத் துண்டுச் சீட்டும் மிஞ்சாது. வங்கியில் அனுப்புங்கள். கணக்குப் பெயர் வங்கிப் புத்தகத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும்; சங்கத்தின் பெயரைச் சுருக்கி எழுதியதால் வாரக்கணக்கில் நின்று, கட்டணம் கழித்துத் திரும்பி வரும் பணம் ஏராளம். முதலில் 20 பவுண் அனுப்பி, போய்ச் சேர்ந்தது எவ்வளவு ரூபாய் என்று கேளுங்கள். இடையில் எந்த வங்கி எவ்வளவு வெட்டுகிறது என்பது அப்போது தெரியும்.

கேள்வி: இலங்கையில் கல்வி இலவசம்தானே, எதற்குப் பணம்? பிள்ளைகளை யார் தெரிவு செய்வது? – மருத்துவ மாணவி, பேர்மிங்ஹாம்

அரச பாடசாலையில் கட்டணம் இல்லை. 11 ஆம் வகுப்பு வரை பாடநூலும், அதோடு சீருடைத் துணியும் அரசு தருகிறது. பல்கலைக்கழகத்திலும் கட்டணம் இல்லை. ஆகவே 'பாடசாலைக் கட்டணம்' என்று யாராவது பட்டியல் அனுப்பினால் விளக்கம் கேளுங்கள். உண்மையான செலவு பஸ், சப்பாத்து, கொப்பி, போட்டோக்கொப்பி, ரியூஷன், உயர்தரத்தில் போர்டிங். விஞ்ஞானப் பிரிவுக்கு ஆசிரியர் இல்லாத மலையகப் பாடசாலையின் பிள்ளை ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ போய்ப் படிக்க வேண்டியிருக்கும். அங்கே மாதத்துக்கு என்ன செலவு என்று இரண்டு குடும்பங்களிடம் கேட்டு, அதை வைத்துத் தொகையை முடிவு செய்யுங்கள்.

தெரிவை அதிபர் ஒருவரிடம் விடாதீர்கள். அதிபர், வகுப்பாசிரியர், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஒரு பெற்றோர், பாடசாலைக்கு வெளியே ஒருவர் என நால்வர் போதும். யாருடைய உறவுப் பிள்ளையாவது பட்டியலில் இருந்தால் அவர் அந்தப் பெயருக்கு வாய் திறக்கக்கூடாது. கிராம அலுவலரின் கடிதம் வருமானத்துக்குச் சான்று. ஆனால் கடிதம் கேட்டு அலையத் தெரிந்த குடும்பம்தான் அதைக் கொண்டுவரும். தாய் வெளிநாட்டில், பாட்டியோடு வளரும் பிள்ளையை வகுப்பாசிரியர்தான் காட்டித் தருவார்.

பங்காளி அமைப்பிடமிருந்து பணம் தாயின் அல்லது பாதுகாவலரின் கணக்குக்குப் போகட்டும். சிறுவர் சேமிப்புக் கணக்கில் போட்டால் 18 வயது வரை எடுக்க முடியாமல் போகலாம். முகமும் பெயரும் பாடசாலையும் ஒன்றாகத் தெரியும் படம் வேண்டாம். மாணவர்கள் பிள்ளைகளோடு நேரே வாட்ஸ்அப்பில் பேசவும் வேண்டாம். நன்றிக் கடிதம் எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள். வரவும் தவணைப் புள்ளியும் அறிக்கையில் வந்தால் போதும். புள்ளி குறைந்ததற்காக உதவியை நிறுத்தக்கூடாது.

கேள்வி: என் அப்பா படித்த பள்ளி தஞ்சாவூர்ப் பக்கம். அங்கே அனுப்பலாமா? – முதுகலை மாணவர், கார்டிஃப்

பள்ளிக்கு நேரே முடியாது. உங்கள் சங்கம் இந்தியச் சட்டப்படி வெளிநாட்டு மூலம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (2010) கீழ் பதிவோ முன்அனுமதியோ பெற்ற அமைப்புதான் வாங்கலாம். அதுவும் ஸ்டேட் வங்கியின் புது டெல்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில் மட்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஓர் அமைப்பு வாங்கி இன்னொன்றுக்குக் கைமாற்றவும் முடியாது. ஆகவே 'எங்கள் கணக்கில் போடுங்கள், நாங்கள் பள்ளிக்குக் கொடுக்கிறோம்' என்று யாராவது சொன்னால், பதிவு எண் இருந்தாலும் விலகுங்கள். அந்த அமைப்பே திட்டத்தை நடத்த வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுக்குத்தான். காலாவதித் தேதியைப் பாருங்கள். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

இந்தியக் குடிமகனாக இங்கே இருக்கும் உங்கள் அப்பா, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது இந்தச் சட்டத்தில் வராது. பிரித்தானியக் குடியுரிமை எடுத்திருந்தால் வரும். சங்கப் பணத்தை அவர் பெயரில் அனுப்பும் யோசனையை விட்டுவிடுங்கள்.

கேள்வி: பழைய ஜிசிஎஸ்இ (இங்கே 16 வயதில் எழுதும் பரீட்சை) புத்தகங்களும் லப்டொப்புகளும் நிறைய இருக்கின்றன. அனுப்பலாமா? – வாசகி, ரெடிங்

இங்கேயே விற்றுப் பணத்தை அனுப்புங்கள். அங்கே பாடத்திட்டமும் மொழியும் வேறு. யாழ்ப்பாணத்துக் கடையில் வாங்கும் கடந்தகால வினாத்தாள் தொகுப்பு அந்தப் பிள்ளைக்குப் பயன்படும்.

கேள்வி: குழு மாறும்போது எதையெல்லாம் கையளிக்க வேண்டும்? – முன்னாள் செயலாளர், நொட்டிங்ஹாம்

ஒப்பந்தம், அனுப்பிய ஒவ்வொரு தொகைக்கும் வங்கிச் சான்று, பிள்ளைகளின் குறியீட்டு எண் பட்டியல் (பெயர்ப் பட்டியல் பங்காளி அமைப்பிடமே இருக்கட்டும்), இன்னும் கொடுக்க வேண்டிய தவணைகள், அவற்றுக்கு ஒதுக்கிய தொகை. கடவுச்சொற்கள் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் இருக்கக்கூடாது. சங்கத்தின் பெயரில் ஒரு முகவரி எடுங்கள். தேர்தல் மார்ச்சில் என்றால் ஏப்ரல், மே இரண்டு மாதமும் பழைய பொருளாளரும் புதியவரும் சேர்ந்து ஒரு தவணைப் பணத்தையாவது அனுப்பிப் பார்க்க வேண்டும். கோடை விடுமுறையில் கையெழுத்து மாற்றப் போனால் யூனியனில் ஆள் இருக்காது. அடுத்த பாடசாலைத் தவணைக்குப் பணம் போகாது.