கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை

தம்பி, லினக்ஸ் சப்போர்ட் வேலை நேர்காணலில் ஒரே கேள்வியில் திணறிப்போனதாக எழுதியிருந்தீர்கள். எந்த நிரல் சர்வரை எவ்வளவு பயன்படுத்துகிறது என்று காட்டும் டாப் (top) கட்டளையின் விவரத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஃபைலில் எழுதும் ஸ்கிரிப்ட். டெர்மினலில் சரியாக ஓடுகிறது, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானில் (cron) போட்டால் லாக் ஃபைல் காலி. ஏன்?

அது மடக்குவதற்காகக் கேட்ட கேள்வி இல்லை. நள்ளிரவில் சர்வர் திணறும், காலையில் பார்த்தால் தடயமே இருக்காது. அதற்காகத்தான் இந்த ஸ்கிரிப்டை எழுதி வைக்கிறார்கள். அது ஓடாவிட்டால் எங்கிருந்து தேடத் தொடங்குவீர்கள் என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

முதலில், கிரான் அந்த வேலையைத் தொடங்கியதா? சிஸ்டம் லாகில் அந்த நேரத்துக்கு ஒரு வரி இருக்கும். இருந்தால் பிரச்சினை ஸ்கிரிப்ட் பக்கம். அப்புறம் கிரான் வரியின் கடைசியில் 2>&1 சேருங்கள்; பிழைச் செய்தியும் அதே ஃபைலில் விழும். இங்கே பெரும்பாலும் 'டெர்ம் மாறி அமைக்கப்படவில்லை' என்று வரும்; டெர்ம் (TERM) என்பது டெர்மினல் எந்த வகை என்று சொல்லும் அமைப்பு. டாப் ஒரு திரையை எதிர்பார்க்கிறது, கிரானிடம் திரை கிடையாது. திரை இல்லாமல் வெறும் வரிகளாக எழுதும் பேட்ச் முறைக்கான -பி (-b), ஒரே சுற்றுக்கான -என் 1 (-n 1) இரண்டையும் சேர்த்தால் ஓடும். இரண்டாவதை மறந்தால் டாப் நிற்கவே நிற்காது; ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாகக் குவிந்து, கண்காணிக்க வந்த ஸ்கிரிப்டே சர்வரை அழுத்தும்.

இன்னும் இரண்டு இடங்களில் பலர் விழுகிறார்கள். கிரானுக்குத் தெரிந்த பாத் (PATH), அதாவது கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல், மிகக் குறுகியது, அதனால் கட்டளைக்கு முழு முகவரி கொடுங்கள். கிரான் வரியில் % குறியை அப்படியே எழுதினால் அது புது வரியாக மாறிவிடும். தேதியை ஃபைல் பெயரில் சேர்ப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். % குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு (\) போட்டால் போதும்.

அதிகக் கட்டணப் பயிற்சியில் சேரலாமா என்று அப்பா கேட்டாராம். இப்போது வேண்டாம் என்று சொல்லுங்கள். லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. (RHCSA) சான்றிதழ் தேர்வு முழுக்கச் செய்முறைத் தேர்வு, கிரானும் அதன் பாடத்தில் உண்டு. மனப்பாடம் அங்கே உதவாது. பழைய லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் ஏற்றி ஒரு மாதம் இந்த ஸ்கிரிப்டை ஓடவிடுங்கள். வேண்டுமென்றே ஒவ்வொன்றாகக் கெடுத்து, சரிசெய்து, என்ன பிழை வந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். அடுத்த மாதம் அந்த நோட்டோடு வாருங்கள், அதிலிருந்தே உங்கள் ரெஸ்யூமை எழுதுவோம்.