புளி போடாத காசு

அன்புள்ள ஐயா,

நான் உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. இந்த வருடம் எங்கள் பள்ளியில் பழைய காசு சேகரிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு சிறு மன்றம் தொடங்கினோம். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை 23 பேர் சேர்ந்தார்கள். இப்போது 11 பேர்தான் வருகிறார்கள். வீட்டுக்குப் போனால் செல்போன். பெற்றோரோ, 'இதனால் மார்க் வருமா? இந்தக் காசு எவ்வளவு போகும்?' என்று கேட்கிறார்கள். பிள்ளைகளை எப்படித் தக்கவைப்பது? ஆல்பம் வாங்கித் தரலாமா, பரிசு கொடுக்கலாமா? மதுரையில் எங்கே அழைத்துப் போகலாம்?

போன மாதம் கண்காட்சி வைத்தோம். பிள்ளைகள் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாக் காசுகளையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தார்கள். எல்லோரும் பாராட்டினார்கள். ஒரே ஒரு பையன் மட்டும், அவர்கள் புஞ்சையில் கிடைத்தது என்று ஒரு சின்னச் செப்புக் காசைத் தேய்க்காமல் களிம்போடு கொண்டுவந்தான். பார்க்க நன்றாக இல்லையே என்று ஓரமாக வைத்தோம். அதற்கப்புறம் அவன் மன்றத்துக்கு வரவில்லை.

என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள டீச்சர்,

இருபத்து மூன்று பிள்ளைகளைச் செல்லாக்காசைச் சுற்றி உட்காரவைத்தது பெரிய காரியம். பதினோரு பேர்தான் மிச்சம் என்று வருத்தப்படாதீர்கள், அதுவே நிறைய. ஆனால் நான் உடனே பதில் எழுத உட்கார்ந்தது அந்தப் பதினோரு பேருக்காக இல்லை. உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்திக்காக.

ஏன் டீச்சர் புளி போட்டீர்கள்?

போன வாரம் திருமங்கலம் பக்கம் எங்கள் பழைய வீட்டு மச்சை ஒழித்தோம். தகரப் பெட்டிக்குள் அப்பத்தாவின் சுருக்குப்பை கிடந்தது. வெற்றிலை வாசம்கூடப் போய்விட்டது, துணி மட்டும் இருக்கிறது. உள்ளே ஓர் ஓட்டைக் காலணா, இரண்டு பாக்குத் துண்டு, அப்புறம் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு செம்பு. அந்தச் செம்பை எனக்கு ஐம்பத்து நாலு வருடமாகத் தெரியும். அதை எடுத்து வந்து மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வருகிறது.

எனக்கு அப்போது பதினோரு வயது. புஞ்சையில் கடலை பிடுங்கும்போது அப்பத்தாவுக்குக் கிடைத்த காசு அது. பச்சையும் கறுப்புமாகக் களிம்பேறி இருக்கும். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து என் விரலைப் பிடித்து அதன்மேல் வைப்பாள். "இந்தா பாரு, இது வாலு. இது இன்னொரு மீனு." கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, விரலுக்குத் தெரியும். மறுபக்கம் எழுத்து மாதிரி சின்னச் சின்ன மேடுகள். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் "இதுல ஒரு ராசா பேரு இருக்கு" என்பாள்.

பள்ளியில் கண்காட்சி என்றார்கள். உங்கள் பிள்ளைகள் மாதிரியேதான் நானும். அப்பத்தா தூங்கும்போது பையிலிருந்து எடுத்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், அம்மா பித்தளைச் சொம்பு தேய்க்கிற மாதிரி புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தேன். கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி ஜொலித்தது. ஓடிப்போய் அப்பத்தாவிடம் காட்டினேன். அவள் திட்டவில்லை. கட்டைவிரலால் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு, "மீனு எங்கடா போச்சு?" என்று கேட்டாள்.

பிறகு பெரியவனாகி, காசு பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன். லென்ஸை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். மீன் இருந்தது உண்மை என்றால் பாண்டியர் காசாக இருக்கலாம், இனி யாராலும் எதுவும் சொல்ல முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், களிம்பு என்றால் அழுக்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அழுக்கு இல்லை. செம்பு பல நூறு வருடம் மண்ணில் கிடக்கும்போது அதன் மேல்தோல் மெல்ல மெல்லக் களிம்பாக மாறுகிறது. உருவமும் எழுத்தும் இருந்தது அந்த மேல்தோலில்தான். அதாவது எழுத்து இப்போது உலோகத்தில் இல்லை, களிம்பில் இருக்கிறது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் எதைக் கரைக்கும்? அதைத்தான் கரைக்கும். எலுமிச்சை, வினிகர், பாத்திரம் தேய்க்கிற பவுடர் எல்லாம் ஒரே கதிதான். வெள்ளிக் காசுக்குத் திருநீறு போட்டுத் தேய்க்கிற வழக்கமும் நம் வீடுகளில் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் கீறலைப் போடும். விக்டோரியா ராணி தலை போட்ட காசு என்றாலும் சரி, நயா பைசா என்றாலும் சரி, தேய்த்த காசைப் பழக்கமுள்ளவர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவார்கள்.

மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, பஞ்சுத் துணியில் ஒற்றுங்கள். ஒற்ற வேண்டும், துடைக்கக் கூடாது. மண்ணிலிருந்து கிடைத்த பழங்காசு என்றால் அதுகூட வேண்டாம். விளிம்பைப் பிடித்துத் தூக்க வேண்டும், முகத்தில் விரல் படக் கூடாது. முதல் நாள் முதல் வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

நீங்கள் தமிழாசிரியை என்பதால் எனக்குக் கோபம் இன்னும் கொஞ்சம் கூடுகிறது. பாண்டிய மன்னன் முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடுகிற புறநானூற்றுப் பாட்டை நடத்தியிருப்பீர்கள். அந்தப் 'பெருவழுதி' என்ற பெயர் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த செப்புக் காசை 1980களில் கண்டறிந்து வெளியிட்டார், 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. பாட்டில் மட்டும் கேட்ட பெயர் செம்பில் கிடைத்தது. ஐந்தாறு எழுத்து, அவ்வளவுதான். நகத்தளவு இடத்தில் இருக்கிற அந்த எழுத்தைப் புளியில் ஊறவைத்திருந்தால்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 14ஆம் நூற்றாண்டில் மதுரையைச் சுல்தான்கள் நாற்பது வருடம் போல ஆண்டார்கள். அவர்களைப் பற்றி மொராக்கோவிலிருந்து வந்த பயணி இபின் பதூதா இங்கே வந்து பார்த்து எழுதியது கொஞ்சம். அந்தச் சுல்தான்களை வென்ற விஜயநகர இளவரசர் கம்பண்ணரின் மனைவி கங்காதேவி எழுதிய சமஸ்கிருதக் காவியத்தில் கொஞ்சம். மற்றபடி யாருக்கு அப்புறம் யார், எந்த வருடம் என்ற வரிசையைப் பெரும்பாலும் அவர்கள் அடித்த சின்னக் காசுகளை வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். கம்பண்ணர் மதுரையைப் பிடித்தது 1371 என்று பல புத்தகங்களில் படிக்கிறோம். ஆனால் கடைசிச் சுல்தான் சிக்கந்தர் ஷாவின் காசில் ஹிஜ்ரி 779 என்று இருக்கிறது. அதாவது 1377-78. அப்படியென்றால் நடுவில் என்ன நடந்தது? அந்தக் கேள்வியே ஒரு காசு கேட்கிற கேள்விதான், டீச்சர். கல்வெட்டு கேட்கவில்லை, காவியம் கேட்கவில்லை. காசு பளபளப்பதற்காக அந்தக் கேள்வியை நாம் அழித்துவிடலாமா?

சரி, உங்கள் மற்றக் கேள்விகள்.

செல்போனைத் திட்டாதீர்கள். அதன் கேமராவைவிட நல்ல லென்ஸ் உங்கள் பள்ளியில் இருக்காது. காசைச் சாய்வான வெயிலில் வைத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பரிசு வேண்டாம். ஆல்பமும் இப்போதைக்கு வேண்டாம். மலிவான பிளாஸ்டிக் ஆல்பங்களில் பல பிவிசியில் செய்தவை. சில வருடத்தில் பிசுபிசுத்துக் காசில் பச்சை பிடிக்கும். கெட்டியான காகிதத்தில் சின்ன உறை மடிக்கக் கற்றுக்கொடுங்கள், மேலே எழுதுவதற்கும் வசதி.

எவ்வளவு போகும் என்று கேட்கிற பெற்றோருக்கு: பழைய ஐந்து ரூபாய்க்கு லட்சம் தருகிறோம் என்று வருகிற வீடியோக்கள் எல்லாம் முன்பணம் பிடுங்குகிற வேலை. தன் பெயரைச் சொல்லிப் பழைய காசு வாங்கி விற்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது. வீட்டிலேயே விலை பேசிப் பழகிய பிள்ளை காசைத் திருப்பிக்கூடப் பார்க்காது. இதை அவர்களிடம் முகத்துக்கு நேராகவே சொல்லுங்கள். மார்க் வராது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளுக்குச் செலவே இல்லாமல் ஒரு வேலை கொடுக்கலாம். வீட்டு உண்டியலைக் கொட்டி, ஒவ்வொரு காசிலும் வருடத்துக்குக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். சீட்டுக்கட்டு டைமன் மாதிரி இருந்தால் மும்பையில் அச்சடித்தது. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். வட்டப் புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. உசிலம்பட்டிச் சந்தையில் மீதி வாங்கிய ரூபாய் எந்த ஊரில் பிறந்தது என்று தெரிந்துவிட்டால், அந்தப் பிள்ளை ஆயுளுக்கும் காசைத் திருப்பிப் பார்க்காமல் சட்டைப்பையில் போடாது. அப்புறம் தாத்தா பாட்டியிடம் அனுப்புங்கள். ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா, 192 தம்பிடி என்ற கணக்கை வாய்ப்பாடு மாதிரிச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். காலணாவில் ஏன் ஓட்டை என்று பிள்ளைகள் கேட்கட்டும். உலகப் போர்க் காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க 1943இலிருந்து நடுவில் ஓட்டை போட்டு அடித்தார்கள்.

போகிற இடம் கீழடி. அங்கே ஏழாம் கட்ட அகழாய்வில் முத்திரை குத்திய வெள்ளிக்காசு ஒன்று கிடைத்தது. மதுரையிலேயே காந்தி அருங்காட்சியக வளாகத்துக்குள் அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

இப்போது அந்தப் பையன்.

உங்கள் மன்றத்தில் காசு சேகரிக்கிறவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் பாத்திரம் தேய்த்தார்கள். அவன் கிடைத்ததைக் கிடைத்தபடி கொண்டுவந்தான். அதை ஓரமாக வைத்தீர்கள். அவன் போய்விட்டான். நீங்கள் நல்ல மனசோடுதான் செய்தீர்கள், தெரிகிறது. இல்லையென்றால் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள். ஆனால் பிள்ளைகள் ஏன் நின்றுவிட்டார்கள் என்று என்னைக் கேட்கிறீர்கள். அவன் ஏன் நின்றான் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நாளைக்கே அவன் வீட்டுக்குப் போங்கள். ஆள் அனுப்ப வேண்டாம், நீங்களே போங்கள். அந்தக் காசை ஓர் உறையில் போட்டு, எந்தப் புஞ்சை, எந்த மூலை, என்ன பயிர் இருந்தது, எவ்வளவு ஆழம், எந்த நாள் என்று அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். எங்கே கிடைத்தது என்று தெரியாத காசு பாதி ஊமை. மண்ணில் புதைந்து கிடைத்த பொருளுக்கு 1878லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குத் தகவல் தர வேண்டும். அதனால் அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பயப்பட ஒன்றும் இல்லை என்று அவருக்கு முதலிலேயே சொல்லுங்கள்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை நான் உசிலம்பட்டி வருகிறேன். லென்ஸ் கொண்டுவருகிறேன், அப்பத்தாவின் காசையும் கொண்டுவருகிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவன் பார்க்கட்டும். அதுவரை அவனுடைய காசை யாரும் ஈரத்துணியால்கூடத் துடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.